அனுப்பும் தாளிலேயே கையெழுத்து: பைத்தானில் ஏபிஐ கோரிக்கைகளுக்கு ஒப்பமிட முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைக்குப் பக்கத்தில் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் லோரியில் கொண்டுவரும் குலைகளை எடை போட்டு ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே கணக்கு எழுதும் அண்ணனை இன்றைக்கும் எல்லாரும் கிராணி என்றுதான் கூப்பிடுகிறோம். தினமும் மாலையில் நாற்பது ஐம்பது எடைச்சீட்டுகளை ஆலையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் வந்து, "தம்பி, இதையெல்லாம் கம்ப்யூட்டரே அனுப்பாதா?" என்று கேட்டார்.

அனுப்பும். ஆலைக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் நிறுவனத்திடம் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு நேரடியாகப் பேசும் வாசல்) இருந்தது. கேட்டதும் ஒரு சாவி எண், ஒரு இரகசியச் சாவி, இரண்டு பக்க ஆவணம் ஆகியவற்றை அனுப்பினார்கள். ஆவணத்தில் ஒரு வரி: ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒப்பம் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியைச் சரியாகச் செய்து முடிக்க எனக்கு ஒன்பது மாலைகள் பிடித்தன. நீங்கள் ஒரே மாலையில் முடிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பைத்தான் 3, இணையக் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், இந்த இரண்டும் போதும். மற்றவை எல்லாம் (ஹெச்மேக், ஹாஷ்லிப், சீக்ரெட்ஸ், டைம்) பைத்தானோடேயே வருபவை. நிரல் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது பைத்தானின் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே விடலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

முதலில்: உங்களிடம் கொடுத்தது எந்த வகை?

டோக்கன் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஒன்று, பேரர் டோக்கன். யார் கையில் இருக்கிறதோ அவருக்கே உரிமை, பஸ் டிக்கெட் மாதிரி. 2012 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 6750 (ஆர்எஃப்சி என்பது இணையத் தரங்களை எழுதிவைக்கும் ஆவண வரிசை) இதை வரையறுக்கிறது. ஆத்தரைசேஷன் என்ற ஹெடரில் (கோரிக்கையோடு போகும் தலைப்பு வரி) பேரர் என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, டோக்கனைப் போட்டால் முடிந்தது. நம் நாட்டில் பலருக்கு இப்போது பழக்கமான உதாரணம், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ். ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1 முதல் மின்-விலைப்பட்டியல் கட்டாயமானது. அதன் ஏபிஐயில் முதலில் உங்கள் அடையாள எண்ணையும் இரகசியத்தையும் கொடுத்துத் தற்காலிக டோக்கன் ஒன்றை வாங்க வேண்டும். பிறகு அதைக் காட்டித்தான் மற்ற வேலைகள்.

இந்த டோக்கன் பெரும்பாலும் ஜேடபிள்யூடி வடிவில் இருக்கும்: மூன்று துண்டுகள், நடுவில் இரண்டு புள்ளிகள். முதல் இரண்டு துண்டுகளை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். அது பூட்டிய பெட்டி இல்லை, முத்திரை குத்திய திறந்த கடிதம். நீங்களே ஜேடபிள்யூடி தயாரிப்பதாக இருந்தால் அடையாள அட்டை எண்ணையோ சம்பளத்தையோ அதற்குள் வைக்காதீர்கள்.

இரண்டாவது வகையில் இரகசியச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. அதை வைத்து ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு ஒப்பம் கணக்கிட்டு, ஒப்பத்தை மட்டும் அனுப்புகிறீர்கள். எதிர்ப்பக்கம் தன்னிடம் உள்ள அதே சாவியால் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்தால் கோரிக்கை உள்ளே போகும். எங்கள் ஆலை கேட்டது இதைத்தான். இதில்தான் கால் இடறும் இடங்கள் அதிகம்.

ஒப்பம் எப்படிப் பிறக்கிறது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சீட்டு என்றால் விளக்கத் தேவையில்லை. கிராணி கையெழுத்துப் போட்ட சீட்டைக் கொண்டுபோனால் கடையில் சாமான் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கையெழுத்து சீட்டின் அடியில் இருக்கிறது, எழுதியதோடு ஒட்டவில்லை. யாராவது 1 கிலோவை 7 கிலோ ஆக்கினாலும் கையெழுத்து அப்படியே நிற்கும். ஹெச்மேக் என்ற கணக்குமுறை போடும் ஒப்பம், இரகசியச் சாவியோடு எழுதிய எழுத்துகளிலிருந்தே பிறக்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் ஒப்பம் முழுவதும் வேறாகிவிடும்.

இதை வகுத்தவர்கள் கிராவ்சிக், பெல்லாரே, கானெட்டி. 1997 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2104 ஆக வெளிவந்தது. இரகசியத்தையும் செய்தியையும் ஒட்டி ஒரே ஒரு தடவை ஷா-256 (எந்தச் செய்தியையும் 32 பைட் விரல்ரேகையாகச் சுருக்கும் ஹாஷ் கணக்கு) போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அப்படிச் செய்தால், இரகசியம் தெரியாதவர்கூட உங்கள் செய்தியின் வாலில் ஏதாவது சேர்த்து, அதற்கும் பொருந்தும் ஒப்பத்தைக் கணக்கிட்டுவிட முடியும். ஹெச்மேக் உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை என்று இரண்டு அடுக்காகச் சுற்றி அந்த வழியை அடைக்கிறது. ஆகவே சொந்தமாக ஒட்டுப்போடாமல் நூலகத்தில் உள்ளதையே பயன்படுத்துங்கள்.

விடை 32 பைட். அதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 64 எழுத்து, பேஸ்64 ஆக எழுதினால் 44 எழுத்து. ஆவணம் எதைக் கேட்கிறது என்று இப்போதே குறித்துவையுங்கள். ஒப்பம் சரியாக இருந்து, எழுதிய வடிவம் மாறியதால் தோற்பவர்கள் நிறையப் பேர்.

ஆலையைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆர்எஃப்சி 4231 இல் விடையோடு கூடிய கணக்குகள் இருக்கின்றன. இரண்டாவது கணக்கில் சாவி நான்கே எழுத்து, செய்தி ஒரு சின்னக் கேள்வி வாக்கியம். இரண்டையும் உங்கள் ஸ்கிரிப்டில் கொடுத்துப் பாருங்கள். ஷா-256 விடை 3843 என்ற நான்கு இலக்கங்களில் முடிய வேண்டும். முடிந்தால் உங்கள் ஹெச்மேக் சரி. இனி வரும் எந்தத் தவறும் வேறு இடத்தில்தான் இருக்கிறது என்ற தைரியத்தோடு மேலே போகலாம்.

சாவியை வைக்கும் இடம்

ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள். இன்றைக்கு எழுதுவீர்கள், அடுத்த மாதம் அந்தக் கோப்பை யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். கணினியின் சூழல் மாறியில் வைத்து, ஓஎஸ் மாட்யூலில் உள்ள என்விரான் மூலம் படியுங்கள். தனிக் கோப்பில்தான் வைக்க வேண்டும் என்றால், அது கிட் (நிரலின் பழைய பதிப்புகளையெல்லாம் சேமித்துவைக்கும் கருவி) உள்ளே போகாதபடி விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை கிட்டில் ஏறிய சாவியை அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். அப்படி நடந்தால் மறைக்கப் பார்க்காமல், சாவி கொடுத்தவர்களிடம் சொல்லிப் புதுச் சாவி வாங்குவது ஒன்றே வழி.

கோப்பிலிருந்து படித்தால் ஸ்டிரிப் போட மறக்காதீர்கள். நோட்பேடில் ஒட்டிச் சேமித்த சாவியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிவு உட்கார்ந்திருக்கும். அதுவும் சாவியின் ஒரு பகுதி ஆகிவிடும். ஹெச்மேக் அதைக் குறை சொல்லாது, தப்பான ஒப்பத்தைப் பணிவாகக் கொடுக்கும்.

இன்னொன்று: சாவி பேஸ்64 எழுத்தாக வந்திருந்தால், அதை அப்படியே பயன்படுத்துவதா, பிரித்து வரும் பைட்டுகளைப் பயன்படுத்துவதா என்று ஆவணத்தில் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். ஊகித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எதன் மேல் கையெழுத்து?

ஒவ்வொரு சேவையும் ஒப்பமிட வேண்டிய சரத்தைத் தன் விருப்பப்படி வரையறுக்கும். பொதுத் தரம் ஒன்று 2024 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 9421 ஆக வந்துவிட்டது. ஆனால் நீங்கள் சந்திக்கப்போகும் பெரும்பாலான ஏபிஐகள் அதற்கு முன்பே எழுதப்பட்டவை. எங்களுக்கு வந்த ஆவணத்தின் விதி ஐந்து வரிகள்:

    போஸ்ட்
    /வி1/எடைச்சீட்டு
    1767225600
    ஒருமுறை எண்
    உள்ளடக்கத்தின் ஷா-256

முதல் வரி செயல், ஆங்கிலப் பெரிய எழுத்தில் (போஸ்ட் என்றால் தரவை அனுப்புவது, கெட் என்றால் கேட்டு வாங்குவது). இரண்டாவது வரி பாதை, கேள்விக்குறிக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து. பிறகு நேரம், ஒரே ஒரு முறை பயன்படும் எண், அனுப்பும் உள்ளடக்கத்தின் ஹாஷ். நடுவில் வரிமுறிவு, கடைசியில் வரிமுறிவு கிடையாது. சில சேவைகள் பாதையையும் வினவல் பகுதியையும் தனித்தனி வரியாகக் கேட்கும். அளவுருக்களை அகர வரிசையில் அடுக்கச் சொல்லும். உங்கள் ஆவணம் சொல்வதைத் தாளில் இதே மாதிரி வரி வரியாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை எடைமேடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.

உள்ளடக்கம் இல்லாத கெட் கோரிக்கைக்கு ஐந்தாவது வரியில் என்ன போடுவது? பெரும்பாலும் வெற்றுப் பைட்டின் ஷா-256. அது எப்போதும் ஒரே எண்தான், 855 என்று முடியும். சில சேவைகள் வரியைக் காலியாக விடச் சொல்லும்.

பைட்டுகள் ஒன்றாக இருக்க வேண்டும்

என் ஒன்பது மாலைகளில் நான்கு போனது இங்கேதான்.

நான் எடைச்சீட்டு விவரத்தை ஜேசன் (தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) ஆக்கி, அதற்கு ஒப்பமிட்டு, பிறகு அதே விவரத்தை ரிக்வெஸ்ட்ஸிடம் ஜேசன் என்ற அளவுருவாகக் கொடுத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நான் இடைவெளி இல்லாமல் நெருக்கி எழுதியிருந்தேன். ரிக்வெஸ்ட்ஸ் தன் வழக்கப்படி காற்புள்ளிக்குப் பின்னும் முக்காற்புள்ளிக்குப் பின்னும் ஒரு இடைவெளி விட்டு மறுபடி எழுதி அனுப்பியது. நான் கையெழுத்துப் போட்டது ஒரு தாள், போய்ச் சேர்ந்தது வேறு தாள்.

தமிழ் இருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. பைத்தானின் ஜேசன், சொல்லாமல் விட்டால், தமிழ் எழுத்தை அப்படியே எழுதாது. ஒவ்வொரு குறியீட்டையும் பின்சாய்கோட்டோடு தொடங்கும் ஆறு எழுத்தாக மாற்றும். 'தோட்டம்' என்ற சொல்லில் ஏழு குறியீடுகள் உண்டு: த, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி. ஆகவே அது 42 எழுத்தாகிவிடும். என்ஷூர் ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் என்று வைத்தால் யூடிஎஃப்-8 இல் 21 பைட்டாகப் போகும். படிப்பவர்களுக்கு இரண்டும் ஒரே சொல். ஷா-256 க்கு இரண்டும் வெவ்வேறு.

எண்களிலும் இது நடக்கும். எடையை டன்னில் 18.20 என்று வைத்தால், பைத்தான் அதை 18.2 என்று எழுதும். எதிர்ப்பக்கம் 18.20 என்று எழுதிக் கணக்குப் போட்டால் ஒப்பம் ஒட்டாது. நாங்கள் எடைமேடை காட்டும் கிலோவையே முழு எண்ணாக, 18200 என்று அனுப்புகிறோம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து: பைட்டுகளை ஒரே ஒரு முறை உருவாக்குங்கள். அந்தப் பைட்டுகளுக்கே ஒப்பமிடுங்கள், அந்தப் பைட்டுகளையே அனுப்புங்கள். ரிக்வெஸ்ட்ஸில் இதற்கு அழகான வழி ஒன்று இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்.

பாதையில் தமிழும் சாய்கோடும்

யுஆர்எல்லில் தமிழ் போனால் அது விழுக்காட்டுக் குறியாக மாறும். 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986 சொல்லும் முறை: ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு விழுக்காட்டுக் குறி, இரண்டு எழுத்து. 'தோட்டம்' 21 பைட், ஆக 63 எழுத்து.

ஒருநாள் அதே சொல் 72 எழுத்தாக வந்தது. திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், புள்ளிகூட மாறவில்லை. காரணம் ஓகாரம். 'தோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஓகாரத்துக்கு உரிய ஒரே குறியீட்டால் எழுதலாம், அல்லது முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடுகளால் எழுதலாம். திரையில் ஒரே உருவம். பைட்டில் மூன்று அதிகம், அதனால் விழுக்காட்டு வடிவில் ஒன்பது எழுத்து அதிகம். பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் இந்தப் பிரிந்த வடிவம் வரும். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் செயலியை என்எஃப்சி என்று சொல்லி அழைத்தால் எல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு வந்துவிடும். தமிழ்த் தரவு உள்ளே நுழையும் வாசலிலேயே, கோப்பைப் படித்த கையோடு, இதைச் செய்துவிடுங்கள். தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை மறக்க வேண்டாம். ஆங்கிலத்தில் வரும் எந்த வழிகாட்டியிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

அப்புறம், நம் நாட்டுப் பெயர்கள். அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுதினால் நடுவில் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்) வரும். அந்தச் சாய்கோடு பாதையில் போனால் சர்வர் அதைப் பாதையின் புதுப் பகுதி என்று எடுத்துக்கொள்ளும். பைத்தானின் கோட் செயலி சாய்கோட்டைப் பாதுகாப்பான எழுத்து என்று நினைத்து மாற்றாமல் விட்டுவிடும். சேஃப் என்ற அளவுருவை வெற்றுச் சரமாகக் கொடுத்தால்தான் அதையும் மாற்றும். கோட், இடைவெளியை விழுக்காடு 20 என்று எழுதும். ஆனால் யுஆர்எல்என்கோட் கூட்டல் குறியாக எழுதும். ரிக்வெஸ்ட்ஸில் பாராம்ஸ் கொடுத்தால் இந்தக் கூட்டல் குறிதான் வரும். ஆவணம் 20 ஐக் கேட்டால், வினவலை நீங்களே எழுதி யுஆர்எல்லோடு சேர்த்துவிடுங்கள்.

கடிகாரம்

நேரம் ஏன்? யாராவது உங்கள் கோரிக்கையைப் பிடித்துவைத்து நாளைக்கு மறுபடி அனுப்பினால் செல்லக்கூடாது. அதனால் சர்வர் சில நிமிட வித்தியாசத்தை மட்டுமே பொறுக்கும். 5 நிமிடம் என்பது வழக்கம். அமேசானின் எஸ்3 15 நிமிடம் வரை விடும்.

பெரும்பாலான சேவைகள் கேட்பது 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து எண்ணிய விநாடிகள். மேலே எடுத்துக்காட்டில் போட்ட 1767225600, மலேசிய நேரப்படி 2026 ஜனவரி 1 காலை 8 மணி. டைம் மாட்யூலின் டைம் செயலியை அழைத்து, இன்ட் போட்டு, ஸ்டர் போடுங்கள். இன்ட் இல்லாவிட்டால் தசமம் ஒட்டிக்கொண்டு வரும். 10 இலக்கம் என்றால் விநாடி, 13 இலக்கம் என்றால் மில்லிவிநாடி. எதைக் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

டேட்டைம் வழியாகப் போகாதீர்கள். யூடிசிநவ் என்று வாங்கி அதற்கு டைம்ஸ்டாம்ப் கேட்பவர்கள் உண்டு. யூடிசிநவ் தரும் நேரத்தில் நேர மண்டலக் குறிப்பு இருக்காது, ஆகவே பைத்தான் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மலேசியாவில் உட்கார்ந்து அப்படிச் செய்தால் சரியாக 8 மணி நேரம், அதாவது 28,800 விநாடி, பின்னால் போய்விடும். 1767225600 வர வேண்டிய இடத்தில் 1767196800 வரும். உலகப் பொது நேரத்திலேயே ஓடும் மேகச் சர்வரில் ஓட்டினால் சரியாக வரும், உங்கள் மேசையில் தோற்கும். பைத்தான் 3.12 முதல் யூடிசிநவ்வைப் பயன்படுத்த வேண்டாம் என்றே எச்சரிக்கிறார்கள்.

ஸ்கிரிப்ட் சரியாக இருந்தும் கணினியே தப்பாக இருக்கலாம். இங்கே மாலை மழையில் இடி இறங்கினால் மின்சாரம் போவது சாதாரணம். நிலையத்துக் கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அதனால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி சில ஆண்டுகள் பின்னால் போய்விடும். கிராணி அண்ணன் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை, சுவரில் இருப்பதைத்தான் பார்ப்பார். சிஆர்2032 என்ற நாணய பேட்டரி சில ரிங்கிட்டில் கிடைக்கும். மாற்றி, விண்டோஸ் அமைப்பில் நேரம் தானாக ஒத்திசையும்படி வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஒரு தந்திரம்: சர்வர் உங்களை மறுத்தாலும், மறுமொழியில் டேட் என்ற ஹெடரில் தன் நேரத்தைச் சொல்லும். அதை உங்கள் நேரத்தோடு ஒப்பிட்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒருமுறை எண்ணும் மறுமுயற்சியும்

5 நிமிடத்துக்குள்ளேயே மறுபடி அனுப்பினால்? அதைத் தடுக்கத்தான் ஒருமுறை எண். சீக்ரெட்ஸ் மாட்யூலில் டோக்கன் ஹெக்ஸ் என்று கேட்டு 16 கொடுத்தால் 32 எழுத்து கிடைக்கும். ரேண்டம் மாட்யூலை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, அது ஊகிக்கக்கூடியது.

இணைப்பு அறுந்து மறுபடி அனுப்பும்போது நேரம், எண், ஒப்பம் மூன்றும் புதிதாக வேண்டும். ரிக்வெஸ்ட்ஸின் அடாப்டரில் தானியங்கி மறுமுயற்சியைப் போட்டுவிட்டால், அது பழைய ஹெடர்களோடேயே மறுபடி அனுப்பும், சர்வர் திருட்டுப் பிரதி என்று மறுக்கும். ஆகவே மறுமுயற்சிச் சுற்றை நீங்களே எழுதுங்கள்.

ஆனால் எடைச்சீட்டு எண் மட்டும் மாறக்கூடாது. ஒரு மழை மாலையில் கோரிக்கை ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, மறுமொழி மட்டும் வழியில் அறுந்தது. ஸ்கிரிப்ட் அதே சீட்டை மறுபடி அனுப்ப, ஒரு லோரி இரண்டு லோரியாகக் கணக்கில் ஏறியது. மறுநாள் கிராணி அண்ணன் கண்டுபிடித்தார்: "தம்பி, அந்த ஆளு தோட்டத்துல அவ்வளவு குலையே கெடையாதே." அன்றிலிருந்து சீட்டு எண்ணையே திரும்பாத அடையாளமாக அனுப்புகிறோம். அதே எண் இரண்டாம் தடவை வந்தால் ஆலை புதிதாகப் பதியாமல் பழைய மறுமொழியையே தருகிறது. உங்கள் ஏபிஐயில் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் சம்பந்தப்பட்டது என்றால் இல்லாமல் தொடங்காதீர்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து

நான் சொன்ன அழகான வழி இதுதான். ரிக்வெஸ்ட்ஸின் ஆத் பகுதியில் ஆத்பேஸ் என்ற கிளாஸ் இருக்கிறது. அதிலிருந்து உங்கள் கிளாஸை எழுதினால், கோரிக்கை முழுவதும் தயாராகி, உள்ளடக்கம் பைட்டாக மாறிய பிறகு, அனுப்புவதற்குச் சற்று முன் ரிக்வெஸ்ட்ஸ் உங்களைக் கூப்பிடும். போகப்போகும் தாளே உங்கள் கையில் வருகிறது, அதில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

    கிளாஸ் ஆலை_ஒப்பம்(ஆத்பேஸ்):
        டெஃப் __கால்__(செல்ஃப், கோ):
            உள் = கோ.பாடி ஆர் பி""
            இஃப் ஈஸ்இன்ஸ்டன்ஸ்(உள், ஸ்டர்):
                உள் = உள்.என்கோட்()
            நேரம் = ஸ்டர்(இன்ட்(டைம்.டைம்()))
            எண் = சீக்ரெட்ஸ்.டோக்கன்_ஹெக்ஸ்(16)
            ஹாஷ் = ஹாஷ்லிப்.ஷா256(உள்).ஹெக்ஸ்டைஜெஸ்ட்()
            சரம் = "\என்".ஜாயின்([கோ.மெத்தட், கோ.பாத்_யுஆர்எல், நேரம், எண், ஹாஷ்])
            ஒப்பம் = ஹெச்மேக்.நியூ(சாவி, சரம்.என்கோட்(), ஹாஷ்லிப்.ஷா256).ஹெக்ஸ்டைஜெஸ்ட்()
            (இங்கே சாவி எண், நேரம், எண், ஒப்பம் நான்கையும் கோ.ஹெடர்ஸில் போடுங்கள்)
            ரிட்டர்ன் கோ

நிரலில் கோ என்பது தயாரான கோரிக்கை. சாவி பைட்டாக இருக்க வேண்டும், சரமாகக் கொடுத்தால் பைத்தான் மறுக்கும். உள்ளடக்கம் சில சமயம் பைட்டாகவும், படிவத் தரவு என்றால் சரமாகவும், கெட் என்றால் நன் (எதுவும் இல்லை என்பதற்குப் பைத்தானின் சொல்) ஆகவும் வரும். அதற்காகத்தான் முதல் மூன்று வரிகள். கடைசி ரிட்டர்னை மறந்தால் நன் பற்றிய ஒரு விளங்காத பிழை வரும்.

அழைக்கும்போது ஆத் என்ற அளவுருவில் ஆலை_ஒப்பம்() என்று, அடைப்புக்குறியோடு, கொடுங்கள். டைம்அவுட் கட்டாயம் கொடுங்கள், நான் 20 விநாடி வைத்திருக்கிறேன். கொடுக்காவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் காலவரையில்லாமல் காத்திருக்கும். அலவ் ரீடைரக்ட்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு விட்டுப்போனதற்காகச் சர்வர் வேறு பாதைக்குத் திருப்பிவிடும், பழைய பாதைக்குப் போட்ட ஒப்பத்தோடு கோரிக்கை அங்கே போய் நிற்கும். 301, 302 என்றால் போஸ்ட் கெட்டாகவும் மாறிவிடும்.

401 வந்தால்

வரும். உங்கள் அடையாளத்தை ஏற்கவில்லை என்று சர்வர் சொல்லும் மறுமொழி எண் அது. அப்போது நிரலைக் கண்டபடி மாற்றிப் பார்க்காதீர்கள். ஒப்பமிட்ட சரத்தை ரெப்ர் வடிவில் அச்சிடுங்கள், அதில் வரிமுறிவும் கடைசி இடைவெளியும் தெரியும். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டை அப்படியே, அவர்கள் நேரத்தையும் அவர்கள் எண்ணையும் போட்டு, உங்கள் நிரலில் ஓட்டுங்கள். எடுத்துக்காட்டே இல்லை என்றால், ஒரு சரமும் அதற்குரிய ஒப்பமும் அனுப்பும்படி அவர்களிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, நல்ல நிறுவனம் கொடுக்கும். எங்களுக்கு அது கிடைத்த மாலையில்தான் வேலை முடிந்தது.

403 வேறு விஷயம்: உங்களை அடையாளம் தெரிந்துவிட்டது, அந்தச் செயலுக்கு அனுமதி இல்லை. ஒப்பத்தில் கைவைக்காமல் அனுமதி கேளுங்கள். 429 என்றால் வேகம் அதிகம், மறுமொழியில் காத்திருக்கச் சொன்ன நேரம் இருந்தால் அதுவரை காத்திருங்கள்.

பதிவேட்டில் சரத்தை எழுதலாம். சாவியையும் பேரர் டோக்கனையும் எழுதவே கூடாது.

தற்காலிக டோக்கனும் சேர்ந்திருந்தால்

டோக்கன் வாங்கும்போதே எத்தனை விநாடி செல்லும் என்று சொல்வார்கள். 3600 என்றால் ஒரு மணி நேரம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது டோக்கன் வாங்காதீர்கள், வைத்துப் பயன்படுத்துங்கள். முடிவதற்கு ஒரு நிமிடம் முன்பே புதுப்பியுங்கள். நடுவில் 401 வந்தால் ஒரே ஒரு முறை புதுப்பித்து மறுபடி முயலுங்கள். அதற்கும் 401 என்றால் நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிடுங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்போது

ஆலை அன்றைய தர முடிவை எங்கள் சர்வருக்குத் திருப்பி அனுப்புகிறது. அதற்கும் அவர்கள் ஒப்பம் போடுகிறார்கள், இந்தத் தடவை சரிபார்ப்பது நாங்கள். வந்த பைட்டுகளை ஜேசனாகப் பிரிப்பதற்கு முன்பே எடுத்து, அப்படியே கணக்குப் போடுங்கள். பிரித்து மறுபடி எழுதினால் முன்பு சொன்ன இடைவெளிக் கதை தலைகீழாக நடக்கும். உங்கள் சர்வரைப் பைத்தானின் ஃபிளாஸ்க் நூலகத்தில் எழுதியிருந்தால், கெட்_டேட்டா கொடுப்பது அந்த மூலப் பைட்டுகளைத்தான். இரண்டு ஒப்பங்களையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாமல் ஹெச்மேக்கின் கம்பேர்_டைஜெஸ்ட்டால் ஒப்பிடுங்கள். சமக்குறி முதல் மாறுபட்ட எழுத்திலேயே நின்றுவிடும். எவ்வளவு நேரத்தில் நின்றது என்று அளந்தே ஒப்பத்தை எழுத்தெழுத்தாக ஊகிக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு நேரத்தைப் பாருங்கள், ஒருமுறை எண் முன்பு வந்ததா என்று பாருங்கள். எது தவறினாலும் ஒரே 401 ஐ அனுப்புங்கள். எந்தச் சோதனையில் தோற்றது என்பதை உங்கள் பதிவேட்டில் மட்டும் எழுதுங்கள்.